ரீட்டா செவ்வாய்க்கு அனுப்பிய பேர்கள்

ரீட்டா என்கிற பேரைச் சவரியம்மாள் முதன்முதலில் கேட்டது மல்லாட்டைக் கொல்லையில். பங்குனி வெயில். பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடிக் குவியலுக்குப் பக்கத்தில் நாலு கொம்பு நட்டு, மேலே பழைய புடவையைக் கட்டி, அந்த நிழலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கூழ் கொண்டுவந்த லாரன்ஸ், தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

“இன்னாடா நிக்கற? மாடு அவுத்துக்கினு பூடுச்சா?”

“இல்லம்மா. ரேஷன் கார்டுல உம் பேரு தப்பா இருக்குதுன்னு திருத்தப் போனேன் இல்ல, செஞ்சிக்கு? அந்தக் கடையில ஒரு பொண்ணு வேல செய்யுது. ரீட்டான்னு பேரு.”

“இருக்கட்டும். எம் பேரத் திருத்துச்சா இல்லியா?”

“திருத்துச்சு. மூணு வாட்டி தப்பா அடிச்சு, மூணு வாட்டி வரச் சொல்லுச்சு.”

காய் ஆய்ந்துகொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிர்வீட்டு மீனம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏ சவரி, அவ உம் பேரத் திருத்தல, உம் புள்ளையத் திருத்தி வச்சிருக்கா!”

சவரியம்மாளுக்கு எழுத்து வராது, கைநாட்டுதான். ஆனால் உறவுமுறை என்று வந்துவிட்டால் அவளைக் கேட்டுத்தான் ஊரே நடக்கும். யார் வீட்டுப் பெண் எந்த ஊருக்குப் போனது, யாருக்கு யார் ஞானத்தாய், யார் எந்த ஆடியில் செத்தார், எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருக்கும். அவலூர்பேட்டைப் பெண் என்று லாரன்ஸ் சொன்னதும் கையிலிருந்த செடியை உதறிப் போட்டுவிட்டு யோசித்தாள். அவலூர்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ராயப்பன் மகளா? ராயப்பனின் அம்மா ஞானம்மாள், தன் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை ஆயிற்றே. கட்டிக்கொள்ளும் முறைதான். “நம்ம வகையறாதான் போ,” என்றாள். அடுத்து வந்த தையிலேயே கல்யாணம் முடிந்தது.

ரீட்டாவுக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் ஆரோக்கியதாஸ்தான் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து டைப்பும் கற்றுக்கொடுத்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ரங்கநாதன் என்பவர் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். சாதிச் சான்று, பட்டா, ஆதார் என்று எந்த வேலை வந்தாலும், பாதிப் பேர் வந்து நிற்பது பேர் திருத்தத்துக்குத்தான். ஒருத்தருக்கு ஒரு காகிதத்தில் பெரியதம்பி, இன்னொன்றில் பெரியத்தம்பி. ஒருத்திக்குக் கார்டில் புருஷன் பேர் இருக்கிற இடத்தில் மாமனார் பேர். அத்தனையும் ரீட்டாவின் விரல் வழியாகத்தான் நேராகும். தப்பு விடாதவள் என்று கடைக்குப் பேர் வந்ததே அவளால்தான். லாரன்ஸ் விஷயத்தில் மட்டும் மூன்று முறை தப்பு விட்டாள், அது வேறு.

லாரன்ஸ் போர் வண்டியில் வேலைக்குப் போனான். கிணறு போடுகிற அந்தப் பெரிய லாரிகள் நம் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். எட்டு மாதம், ஒன்பது மாதம் ஊர் ஊராகத் துளை போட்டுவிட்டு மழைக்குத் திரும்பும். இரண்டு தடவை போய் வந்தான். மூன்றாம் தடவை தீபாவளி கழித்துப் போனவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுப் பேசினான். கொரோனாவுக்கு முந்தின வருஷம், பொங்கலுக்கு முந்தின ஞாயிறும் பேசினான்.

“இங்க செம பனிம்மா. கம்பிய தொட்டா கையி ஒட்டிக்குது. ராய்ப்பூருக்கு அந்தாண்ட எங்கியோ இருக்கறோம். ஊரு பேரு வாயில நுழைய மாட்டேங்குது.”

“கம்பளி போத்திக்கடா. ரீட்டா கையில குடுக்கறேன், பேசு.”

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. இவர்கள் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. வண்டி மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று ஒருத்தரோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான், அவ்வளவுதான் தெரியும் என்றார். அந்த பஸ் எந்த ஊருக்குப் போகிற பஸ் என்று அவருக்கும் தெரியவில்லை.

போலீஸில் சொல்லலாம் என்றாள் ரீட்டா. சவரியம்மாள் கூடாது என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மச்சாண்டாரின், அதாவது புருஷனுடைய அண்ணனின், மகன் இஞ்ஞாசி, முப்பது வருஷத்துக்கு முன்னால் லாரியில் பம்பாய்க்குப் போனவன் காணாமல் போய்விட்டான். அவன் அம்மா சின்னப்பொண்ணு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் மூன்று தடவை அவளைக் கூட்டிப்போய் அடையாளம் தெரியாத பிணங்களைக் காட்டினார்கள். துணையாகப் போனது சவரியம்மாள்தான். ஒவ்வொரு தடவையும் துணியை விலக்குவார்கள், சின்னப்பொண்ணு எட்டிப் பார்ப்பாள், இல்லை என்பாள், வெளியே வந்து வாந்தி எடுப்பாள். மூன்றாவது தடவை திரும்பி வந்தவள் படுத்த பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. நாலாம் வருஷம் இஞ்ஞாசி முழுக்கால் சட்டையோடு, கையில் ரேடியோவோடு வந்து இறங்கினான். வரவேற்கத்தான் அம்மா இல்லை.

“எழுதிக் குடுத்தாதான் பொணம் காட்டுவாங்க,” என்றாள் சவரியம்மாள். “எழுதிக் குடுக்காத. எம் புள்ளைக்குக் காலு இருக்குது, வரும்.” மாதா சுரூபத்துக்கு முன்னால் ரீட்டாவின் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அந்த மாசியில்தான், கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், ரீட்டா போனில் ஒரு சேதியைப் படித்தாள். செவ்வாய் கிரகத்தில் அமெரிக்காக்காரர்கள் விட்டிருந்த ஒரு வண்டி பேச்சை நிறுத்திவிட்டதாம். ஆறு சக்கர வண்டி, ஆள் கிடையாது. பதினாலு வருஷத்துக்கு மேல் ஓடி ஓடிப் படம் அனுப்பியது. புழுதிப் புயல் அடித்து அதன் மேல் வெயில் விழாமல் போனதில் மூச்சு அடங்கிவிட்டது. எட்டு மாதமாக இங்கிருந்து விடாமல் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், ஆயிரம் தடவைக்கு மேல். பதில் இல்லை. இனிமேல் கூப்பிடுவதில்லை என்று அந்த வாரம் அறிவித்துவிட்டார்கள்.

ரீட்டா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தானும் எட்டு மாதம் கூப்பிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டாள். தினமும் காலை எட்டு மணிக்கு, கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், லாரன்ஸ் நம்பரைப் போடுவாள். அதே பொம்பளைக் குரல். போனைப் பையில் போட்டுக்கொண்டு ஷட்டரைத் தூக்குவாள்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து போட்டபோது மணி அடித்தது. சவரியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“யாருங்க?” என்றது ஓர் ஆம்பிளைக் குரல்.

“லாரன்ஸு! டேய் லாரன்ஸு! அம்மாடா!”

“ராங் நம்பருங்க. இது திண்டுக்கல்லு. நேத்துதான் புது சிம்மு வாங்குனேன்.”

அரிசி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. அன்று யாரும் அதை அள்ளவில்லை.

அந்த வாரம்தான் இன்னொரு சேதி ரீட்டாவின் கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் செவ்வாய்க்குப் புதிதாக ஒரு வண்டி போகப் போகிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் பேரைக் கொடுக்கலாம், நகக்கண் அளவு சில்லில் பொறித்து வண்டியின் முதுகில் வைத்து அனுப்புவார்கள். மாதக் கடைசியோடு முடிகிறது. பேரை எழுதி அனுப்புவது அவளுக்குத் தினப்படி வேலை. லாரன்ஸ், தந்தை பெயர் சூசைநாதன், ஊர், தேசம் என்று அடித்து அனுப்பிவிட்டாள். விமான டிக்கெட் மாதிரி ஒன்று கம்ப்யூட்டரில் வந்தது. அச்செடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

இதெல்லாம் சவரியம்மாளுக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், கொரோனா வந்ததற்கு மறுவருஷத்து மாசியிலிருந்து மருமகள் விடிந்ததும் போனை எடுத்து எதையோ உற்றுப் பார்க்கிறாள் என்பதுதான். ஊரில் சும்மா இருப்பார்களா? புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது, பெண்ணுக்கு வயசு இருக்கிறது, போனில் யாரைப் பார்க்கிறாளோ என்று குழாயடியில் பேச்சு ஓடியது. சவரியம்மாள் நேராகவே கேட்டாள்.

“இன்னாடி அதுல பாக்கற, காத்தாலக் காத்தால?”

“வண்டி எங்க இருக்குதுன்னு பாக்கறேன் அத்த. செவ்வாய்ல எறங்கி இருக்குது. இந்தா பாருங்க, நேத்து இங்க இருந்துச்சு. இன்னிக்கு இங்க வந்துடுச்சு.”

படத்தில் மண் நிறத் தரையில் வெள்ளைக் கோடு ஒன்று நெளிந்து போயிற்று. கோட்டின் முனையில் ஒரு புள்ளி.

சவரியம்மாள் அன்று மீனம்பாளிடம் சொன்னாள். “ஊட்டுல இருந்து போனவன் எங்கன்னு தெரியல. இவ ஆகாசத்துல வண்டி தேடறா.”

“தேடட்டும் வுடு. ஆம்பளையத் தேடாத வரைக்கும் நல்லதுதான்,” என்றாள் மீனம்பாள்.

அதற்கடுத்த வருஷம் கல்லறைத் திருநாளன்றுதான் குடும்பம் இரண்டானது.

நவம்பர் இரண்டாம் தேதி சாயந்திரம் எங்கள் பக்கத்துக் கிறிஸ்துவ ஊர்களில் கல்லறையெல்லாம் வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். பங்குச் சாமியார் வந்து பூசை வைத்து, ஊரில் செத்தவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாக வாசிப்பார். தம் வீட்டுப் பேர் வரும்போது அந்த வீட்டார் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஒரு பேர் விட்டுப்போனால் அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வீட்டில் ஆறாது. பட்டியல் கோயில் உபதேசியார் அடைக்கலராஜின் பொறுப்பு. பழைய நோட்டைக் கரையான் தின்றதிலிருந்து அவர் ரீட்டாவிடம் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். யாராவது செத்தால் ரீட்டா பேரைச் சேர்ப்பாள். வருஷா வருஷம் அச்செடுத்துக் கொடுப்பாள்.

அந்த வருஷம் ரீட்டா காய்ச்சலில் விழுந்து கிடந்தாள். உபதேசியார் கடைக்குப் போய் ரங்கநாதனிடம் கேட்டு, அச்சான தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். சாமியார் ஊருக்குப் புதிது. ஆனி மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார்.

சவரியம்மாள் சூசைநாதன் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றாள். புருஷன் பேர் வந்தது, சிலுவை போட்டாள். மச்சாண்டார் பேர் வந்தது, சின்னப்பொண்ணு பேர் வந்தது. ஊர்ப் பெரியவர் தோமையார் பேர் வந்தது. அதற்கடுத்து, கடைசிப் பேராக, சாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“லாரன்ஸ்.”

மெழுகுவத்தி சவரியம்மாள் கையிலிருந்து விழுந்தது. காது கேட்காதவள் மாதிரி பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாமி, நிறுத்துங்க!” என்று கத்தினாள். “அது எம் புள்ள பேரு. அவன் சாவல. படிச்சதத் திருப்பி எடுங்க!”

அதே நேரத்தில் மேலத்தெரு ஞானப்பிரகாசத்தின் மக்களும் சத்தம் போட்டார்கள். கொரோனாவில் செத்த அவர்கள் அப்பா பேரும் அம்மா பேரும் வாசிக்கப்படவில்லை. சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. “அம்மா, செபம் வீண் போகாது, வர்ற ஞாயிறு பூசையில லாரன்ஸ் சுகமா திரும்பி வரணும்னு கருத்து வச்சுச் செபிக்கலாம்,” என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், “இந்த வாரம் செத்தவன், அடுத்த வாரம் பொழச்சவனா?” என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

சவரியம்மாள் வீட்டுக்கு நடந்தாள். நடக்க நடக்க அவளுடைய ஞாபகம் வேலை செய்தது. வாசித்த பட்டியலை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கடைசியாக வந்த தோமையார் செத்தது கொரோனாவுக்கு முந்தின வருஷத்து ஆடி. அதற்குப் பிறகு செத்த ஒருத்தர் பேரும் வரவில்லை. அப்படியானால் இது அந்த வருஷத்துப் பட்டியல். லாரன்ஸ் பேச்சு நின்ற அதே வருஷம்.

ரீட்டா போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

“எழுதினது நீதான?”

“இன்னா அத்த?”

“எம் புள்ள பேரச் செத்தவங்களோட எழுதினது நீதான? பொய் சொல்லாத. தோமையாரோட நிக்குது அந்தப் பட்டியல். அவன் போயி வருஷம் கூட ஆவல, அதுக்குள்ள அவனச் சாவடிச்சுட்டியா?”

ரீட்டாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் போர்வையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். “ஐயோ அத்த, அது வேற பட்டியலு. அது செவ்வாய்க்கு…”

“செவ்வா, புதன்னு கத சொல்லாத! ஏழு வருஷம் காணோம்னா செத்துட்டான்னு கெவருமெண்டுல எழுதிக்கலாமாம், ஊரே சொல்லுது. உனுக்கு ஏழு வருஷம் பொறுக்கல.”

ரீட்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காய்ச்சலோடேயே, துணைக்கு யாரையும் கூப்பிடாமல், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினாள். சவரியம்மாள் உள்ளேயே இருந்துகொண்டாள்.

அடுத்த பதினைந்து நாள் சவரியம்மாள் ஒரு வேளைதான் சமைத்தாள். அவளுக்குக் கோபம் ரீட்டா மேல்தான் என்று ஊர் நினைத்தது. உள்ளுக்குள் இருந்தது வேறு. சாமியார் லாரன்ஸ் என்று வாசித்தபோது, கத்துவதற்கு முன்னால், கண் மூடித் திறக்கும் நேரத்துக்கு, அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதை யாரிடம் சொல்வது? பெற்றவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

பதினாறாம் நாள் உபதேசியார் வந்து வாசலில் நின்றார்.

“தப்பு எம் மேல சவரி. ரங்கநாதன் கம்ப்யூட்டரத் தொறந்தாரு. கல்லறைன்னு ஒண்ணு, கல்லறை ரெண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. ரெண்டுதான் புதுசா இருக்கும்னு எடுத்துட்டாரு. நானும் பிரிச்சுப் பாக்கல. அந்த ரெண்டாவது கோயிலுக்கு எழுதினதே இல்லியாம். அந்தப் பொண்ணு கடையில உக்காந்து அழுவுது.”

சவரியம்மாள் புடவையை மாற்றிக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறினாள்.

ரங்கநாதன் கடையில் அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார். ரீட்டா கம்ப்யூட்டருக்கு முன்னால் எழுந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

“உக்காருடி,” என்றாள் சவரியம்மாள். “அந்த ரெண்டாவது பட்டியலு எதுக்கு எழுதின? ஒழுங்கா சொல்லு. நான் நடுவுல பேசல.”

ரீட்டா சொன்னாள். பேச்சு நின்ற பழைய வண்டியைச் சொன்னாள், எட்டு மாதம் கூப்பிட்டதைச் சொன்னாள், லாரன்ஸ் பேரை அனுப்பியதைச் சொன்னாள்.

“மொதல்ல அவரு பேர மட்டுந்தான் அனுப்பினேன் அத்த. ஊட்டுக்கு வந்தா மனசு கேக்கல. அவ்ளோ தூரத்துல அவருக்கு யாரு இருக்காங்கன்னு தோணுச்சு. நம்ம ஆளுங்க கூட இருக்கட்டும்னு மறுநாளு மாமா பேர அனுப்பினேன். அப்புறம் பெரிய மாமா, சின்னப்பொண்ணு பெரியத்த. கோயிலு பட்டியல்ல இருந்த முப்பத்தேழு பேரையும் அனுப்பினேன். யாரு யாரு பேரு போச்சுன்னு குறிச்சுக்கத்தான் அதையே நகலு எடுத்து, அடியில அவரு பேர வச்சேன். செத்தவருன்னு வைக்கல.”

“உயிரோட இருக்கறவங்க பேர ஏன் அனுப்பல? எம் பேரு இல்லியா?”

“நீங்க இங்க வோணும் அத்த. அவரு வந்தா கதவத் தொறக்க ஆளு வோணும் இல்ல?”

சவரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த வண்டியக் காட்டு,” என்றாள்.

கம்ப்யூட்டரில் படம் பெரிதாக வந்தது. பாறை, மணல், மறுபடி பாறை. தூரத்தில் ஒரு கரட்டுக் குன்று.

“இன்னாடி இது, நம்ம கோட்ட ராஜகிரிக்குப் பின்னாண்ட மாதிரி இருக்குது. இதப் பாக்கவா அவ்ளோ தூரம் போனானுங்க? செஞ்சிக்கு ஒரு பஸ் ஏறி இருக்கலாமே.”

ரீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து. வண்டியின் முதுகில் திருகி வைத்திருந்த தகட்டைக் காட்டினாள். அதன் மூலையில் இருந்த சில்லைக் காட்டினாள். அதற்குள்தான் லாரன்ஸ் பேர், கோடிப் பேரோடு ஒரு பேராக. கண்ணால் பார்க்க முடியாது.

“இந்த வண்டி எங்க நிக்குதுன்னு தெனமும் தெரியுமா?”

“தெரியும்.”

“பேச்சு நின்னுச்சே, பழசு. அது?”

“அது அப்பிடியே கெடக்குது அத்த. இதான் எடம்.” வேறொரு படத்தை எடுத்தாள். அதிலும் ஒரு வெள்ளைக் கோடு. நெடுந்தூரம் வளைந்து வளைந்து வந்து, ஒரு பள்ளத்தின் சரிவில் நின்றுவிட்டது. “மேல சுத்தற இன்னொண்ணு இதப் படம் கூடப் புடிச்சுது.”

“செத்தும் எடம் தெரியுது.”

“ம்.”

சவரியம்மாள் அந்தக் கோடு நின்ற இடத்தில் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. அவளுக்கு இஞ்ஞாசி ஞாபகம் வந்தான், ரேடியோவோடு வந்து இறங்கினவன். சின்னப்பொண்ணு துணி விலக்கிப் பார்த்த மூன்று முகங்கள் ஞாபகம் வந்தன. அந்த மூன்றும் யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களைத் தேடி ஒருத்தியும் எழுதிக் கொடுக்காததால்தானே சின்னப்பொண்ணு வந்து பார்க்க வேண்டியதாயிற்று? இத்தனை வருஷமும் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போலாம்,” என்றாள்.

“சத்தியம் வாங்கினீங்களே அத்த?”

“வாங்கினவ நான்தான. திருப்பிக் குடுக்கறேன். இருக்கானோ இல்லியோ, எடம் தெரியட்டும்.”

மறுநாள் போனார்கள். எழுதுகிறவர் தேதியைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “நாலு வருஷம் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?”

“பயந்துக்கினு இருந்தோம் ஐயா,” என்றாள் சவரியம்மாள். அவர் அதற்கு மேல் கேட்காமல் எழுதிக்கொண்டார். ரீட்டா படித்துப் பார்த்து, லாரன்ஸ் பேரில் விட்டுப்போயிருந்த ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னாள். அன்று சாயந்திரம் டிரங்குப் பெட்டி அவலூர்பேட்டையிலிருந்து திரும்பி வந்தது.

அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. போட்டோ போனது, தாள் போனது, பதில் வரவில்லை. மாமியாரும் மருமகளும் காலையில் சேர்ந்து உட்கார்ந்து அந்த வெள்ளைக் கோட்டைப் பார்ப்பார்கள். கோடு நீண்டுகொண்டே போயிற்று. வண்டியோடு கூடப் போயிருந்த பறக்கிற சின்னது ஒன்று இறக்கை ஒடிந்து தரையில் உட்கார்ந்துவிட்ட அன்று, சவரியம்மாள் கேட்ட முதல் கேள்வி, “எடம் தெரியும் இல்ல?” என்பதுதான்.

இந்த வருஷம் புரட்டாசி கடைசியில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ராய்ப்பூர் பக்கத்திலிருந்து இரண்டு தகவல். ஆதரவற்றவர்களை வைத்திருக்கிற ஒரு விடுதியில், தன் பேர் சொல்லத் தெரியாத ஒருத்தன் எப்போதாவது தமிழில் முணுமுணுக்கிறான். இன்னொன்று, லாரன்ஸ் காணாமல் போன அந்தப் பொங்கல் வாரத்தில் ரோட்டில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து செத்த ஒருத்தனை, ஆள் தெரியாமல் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். எண் போட்டு வைத்திருக்கிறார்கள். சட்டைத் துணியும் போட்டோவும் ஃபைலில் இருக்கும். நேரில் வந்துதான் பார்க்க வேண்டும்.

“நானும் வரேன்,” என்றாள் சவரியம்மாள்.

“வேணாம் அத்த. நீங்க மூணு பாத்துட்டீங்க. இத நான் பாத்துக்கறேன்.”

ரீட்டாவின் அண்ணன் ஆரோக்கியதாஸ் சென்னை வரை வந்து ரயில் ஏற்றிவிட்டான். அவனுக்கு லீவு அவ்வளவுதான். விஜயவாடா, நாக்பூர், ராய்ப்பூர் என்று ஊர்ப் பேர்களை ரீட்டா வரிசையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சவரியம்மாள் உறவுமுறைகளை வைத்துக்கொள்வது மாதிரி அவற்றை மனசில் வைத்துக்கொண்டாள். தினமும் காலை எட்டு மணிக்கு ரீட்டா கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று சவரியம்மாள் கேட்பதில்லை. “எங்க இருக்கற?” என்பாள் முதலில்.

ஐந்தாம் நாள் ரீட்டா விடுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அது லாரன்ஸ் இல்லை. அந்த ஆளுக்கு வயசு கூட. ஆனால் ரீட்டா தமிழில் பேசியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லையாம். மாமல்லபுரம் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாராம். அதையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், யாராவது தேடுகிறவர்கள் இருப்பார்கள் என்று.

அடக்கம் செய்த இடத்தின் ஃபைல் இன்னும் கைக்கு வரவில்லை. பழைய அறையில் தேடுகிறார்களாம். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று ஆறு நாளாகச் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்தும் தெரியாமல் போனால் அம்மாவின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சவரியம்மாள் அதற்கும் சரி என்றுவிட்டாள்.

நேற்று உபதேசியார் அடைக்கலராஜ் வந்திருந்தார். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. இந்தத் தடவை தாளைப் பிரித்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பேராக அவளுக்குப் படித்துக் காட்டினார். தோமையாரைத் தாண்டி ஞானப்பிரகாசம், அவர் மனைவி, அதற்குப் பின் செத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கடைசிப் பேரைப் படித்துவிட்டு அவர் தாளின் அடியில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தார். சவரியம்மாளும் பார்த்தாள்.

“ரீட்டா போன்ல பேசட்டும்,” என்றாள்.

ரீட்டா போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இப்போது அவள் ராய்ப்பூரில், அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருக்கிறாள்.